நெய்யும் கணைய நீரும்

மார்கழி 27ஆம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடாரவல்லி. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் பாலையும் நெய்யையும் விலக்கித் தொடங்கும் நோன்பு, இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் நிறைந்த பாற்சோற்றை வந்தடைகிறது. விலக்கி வைத்ததை மீண்டும் எல்லோரோடும் அமர்ந்து உண்பதே அந்நாளின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்த நண்பர் ஒருவரின் ராஜபாளையத்து வீட்டுக்குச் சென்றிருந்தோம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கணையத்தின் தலைப்பகுதியில் இருந்த புற்றுக்கட்டியை அறுவை செய்து அகற்றி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. எங்களுக்கெல்லாம் அக்காரவடிசல் பரிமாறிய அவர் துணைவியார், அவருக்கு மட்டும் குழைந்த இரசஞ்சோற்றை வைத்தார். “நம்ம நோன்பு மட்டும் முடியவே மாட்டேங்குது சார்” என்று சிரித்தார் நண்பர். பதினான்கு கிலோ எடை குறைந்திருந்தது. உண்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. நோய் திரும்பிவிட்டது என்றே வீட்டார் நம்பினர். வாரந்தோறும் ஓர் உணவை விலக்கிக்கொண்டே வந்தனர். முதலில் நெய், பிறகு பால், பிறகு தேங்காய், பிறகு பருப்பு.

நோய் திரும்பவில்லை. வயிற்றில் கணைய நீர் போதவில்லை, அவ்வளவுதான். அதற்கான கேப்சூலும் வீட்டில் இருந்தது. அட்டையின் மேல் யாரோ ‘சாப்பாட்டுக்குப் பின், தினம் 1’ என்று எழுதியிருந்தார்கள். அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் அது வெந்துகொண்டிருந்தது.

உண்டும் பட்டினி கிடக்கும் இந்த விசித்திர நிலையை மருத்துவம் விளங்கிக்கொள்ள ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. விளங்கிக்கொண்ட பின்பும் அதை ஒருமுறை மறந்தது. எங்கள் நண்பரின் வீட்டில் நடந்தது அந்த மறதியின் ஒரு சிறு மறுபதிப்பே என்று இன்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாகப் பார்ப்போம்.

கணையம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் கோட்டை வாயிலைத் தடுக்கும் குறுக்குமரம் என்ற பொருள் உண்டு. இரைப்பைக்குப் பின்னே வயிற்றின் குறுக்காகக் கிடக்கும் உறுப்புக்கு அது பொருந்தி வருவதைத் தமிழ் படித்தவர்கள் ரசிக்கலாம். கிரேக்கர் இட்ட பெயருக்கு ‘முழுதும் சதை’ என்பது பொருள். எலும்போ குருத்தெலும்போ இல்லாத இச்சதை எதற்கு என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1642இல் இத்தாலியின் படுவா நகரில் விர்சுங் என்னும் செருமானிய உடற்கூற்றறிஞர், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலை அறுத்துப் பார்த்தபோது கணையத்தின் ஊடே ஓடும் நாளத்தைக் கண்டார். செப்புத் தகட்டில் அதை வரைந்து அறிஞர் பலருக்கும் அனுப்பினார். அது எதைக் கொண்டு செல்கிறது என்பது தெரியாமலே மறு ஆண்டு கொலையுண்டார். 1664இல் டச்சு நாட்டு இளைஞர் தெ கிராஃப், நாயின் கணைய நாளத்தில் பறவை இறகின் தண்டைச் செருகி அந்த நீரைச் சேகரித்தார்.

அந்நீரின் வேலையைக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் குளோது பெர்னார். 1840களில் அவர் முயல்களை ஆராய்ந்தார். முயலின் குடலில் பித்தநீர் மேலே வந்து சேர்கிறது. கணைய நீர் ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவான தொலைவு தள்ளிக் கீழே வந்து சேர்கிறது. கொழுப்பை ஊட்டியபின் வயிற்றைத் திறந்து பார்த்தார். குடலிலிருந்து கொழுப்பை ஏந்திச் செல்லும் நுண்குழாய்கள், கணைய நீர் கலக்கும் இடத்துக்குக் கீழேதான் பால்போல் வெளுத்திருந்தன. மேலே வெறும் நீராகவே இருந்தன. கொழுப்பைச் செரிக்கச் செய்வதில் கணைய நீரே முதன்மையானது என்பதை அந்த ஒற்றைக் காட்சி காட்டிற்று. 1856இல் இதை விரிவான நூலாகவே எழுதினார்.

1876இல் செருமனியின் கூனே, கணைய நீரில் புரதத்தைச் சிதைக்கும் பொருளுக்கு டிரிப்சின் என்று பெயரிட்டார். ‘என்சைம்’ என்ற பொதுப்பெயரும் அவர் தந்ததே. ‘புளிமாவில் இருப்பது’ என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். நொதித்தல் என்பதிலிருந்து நாம் நொதி என்று ஆக்கிக்கொண்டது அதே வழியில்தான். கணைய நீரில் மாவுக்கு அமிலேசு, புரதத்துக்கு டிரிப்சின் முதலியன, கொழுப்புக்கு லிப்பேசு என நொதிகள் உண்டு. அமிலேசு குறைந்தால் உமிழ்நீர் ஓரளவு ஈடு செய்யும். புரதத்துக்கு இரைப்பை கைகொடுக்கும். லிப்பேசுக்கு அப்படிப்பட்ட துணை மிகக் குறைவு. கணையம் நலிந்தால் முதலில் தோற்பது கொழுப்பு என்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்குப்பின் கணையத்தின் புகழ் வேறு திசையில் போயிற்று. 1889இல் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு நீரிழிவு வருவதைக் கண்டனர். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கிடைத்தது. அந்தப் பெரும் வெற்றியின் ஒளியில், அதே உறுப்பின் மறுபாதி வேலை இருளில் தங்கிவிட்டது. பன்றிக் கணையத்தை உலர்த்திப் பொடித்த ‘பாங்கிரியாட்டின்’ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மருந்துக்கடைகளுக்கு வந்திருந்தும், அதைப் பெரிதாக எண்ணியவர் சிலரே.

நாம் மறதி என்று சொன்னது இதைத்தான். 1935இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள், கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் அகற்றும் அறுவையை வெளியிட்டார். இவருக்கு முன்னரே 1898இல் கொடிவில்லாவும் 1909இல் கௌஷும் முயன்றிருந்தாலும், விப்பிள் பெயரே நிலைத்தது. எங்கள் நண்பருக்கு நடந்ததும் அதன் வழிவந்த அறுவையே. ஆனால் விப்பிள் தொடக்கத்தில் எஞ்சிய கணையத்தின் நாளத்தைக் கட்டி மூடிவிட்டார். கணைய நீர் குடலை அடையாமலே மனிதர் வாழ்ந்துவிட முடியும் என்பது அன்றைய எண்ணம். பெர்னாரின் முயல்கள் வெளுத்துக் காட்டிய உண்மைக்குப் பின் எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன! 1940களில்தான் எஞ்சிய கணையத்தைச் சிறுகுடலோடு இணைக்கும் வழக்கம் ஊன்றியது.

இணைத்தாலும் குறை முற்றும் தீர்வதில்லை. உணவு வந்துவிட்டது என்று கணையத்துக்குச் செய்தி அனுப்புவது முன்சிறுகுடல். 1902இல் பெய்லிசும் ஸ்டார்லிங்கும் கண்ட செக்ரிட்டின் என்ற இயக்குநீர் அந்தச் செய்திகளுள் ஒன்று. அறுவையில் செய்தி அனுப்பும் பகுதியே போய்விடுகிறது. எஞ்சிய கணையமும் சிறியது. உணவும் நீரும் கலக்கும் நேரமும் மாறிவிடுகிறது. அறுவை செய்ய இயலாத நோயாளிகளிடமும் கட்டி நாளத்தை அடைப்பதால் இதே குறை நேர்கிறது.

மற்றொரு புதிர், மாத்திரை ஏன் பலருக்கு வேலை செய்யவில்லை என்பது. 1973இல் அமெரிக்காவின் டிமாக்னோவும் உடனாய்வாளரும், லிப்பேசு சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பின்னரே கொழுப்பு மலத்தில் வெளியேறத் தொடங்குகிறது எனக் காட்டினர். அறிகுறி தெரியும் வேளையில் இழப்பு மிகப் பெரிது என்பது இதன் பொருள். லிப்பேசு இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடும் என்பது மற்றொரு சிக்கல். 1970களின் இறுதியிலிருந்து, அமிலத்தில் கரையாத மேற்பூச்சுள்ள நுண்மணிகளைக் கேப்சூலில் அடைத்துத் தரும் முறை வந்தது. மணிகள் உணவோடு கலந்து குடலுக்குச் சென்ற பின்னரே கரைகின்றன.

இந்தக் கதையில் நம் பக்கத்து நிலத்துக்கும் பங்குண்டு. எங்கள் ஊர்களுக்கு மேற்கே தெரியும் மலைத்தொடருக்கு அப்பால், கேரளத்தில், மதுப்பழக்கமே இல்லாத ஏழை இளைஞர்களின் கணையம் கல்லடைத்துச் சுருங்குவதை மருத்துவர் கீவர்கீஸ் நுணுகி ஆராய்ந்து 1968இல் நூலாக்கினார். வயிற்று வலி, நீரிழிவு, கொழுப்பு செரியாமை மூன்றும் அவர்களை வாட்டின. மரவள்ளிக்கிழங்கே காரணம் என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. பின்னர் மரபணுக் கூறுகள் தெரியவந்தபின் அது வலுவிழந்தது. இந்நோய் நெடுநாள் நீடித்தவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் கேரள மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

இனி நண்பரின் அலமாரிக்கு வருவோம். உறையில் 10,000, 25,000 என்று அச்சிட்டிருப்பது லிப்பேசின் அலகு. முதன்மை உணவுக்கு 40,000 முதல் 50,000 அலகு, சிற்றுண்டிக்கு அதில் பாதி என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்லும் தொடக்க அளவு. பலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். மருத்துவரே அதை முடிவு செய்ய வேண்டும். நேரம் அளவினும் முக்கியம். முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என உணவின் ஊடே விழுங்க வேண்டும். வெறும் பழத்துக்கும் பால் சேராத தேநீருக்கும் வேண்டாம். மாலையில் உண்ணும் ஒரு துண்டு பால்கோவாவுக்கு வேண்டும். மெல்லக் கூடாது. விழுங்க இயலாதவர்கள் திறந்து, மசித்த ஆப்பிள் போன்ற லேசான புளிப்புள்ள மென்மையான உணவில் கலந்து உடனே உண்ணலாம். பாலிலோ சூடான கஞ்சியிலோ கலந்தால் மேற்பூச்சு கரைந்தும் வெப்பத்தில் சிதைந்தும் பயன் போய்விடும். நொதிக்கு வெப்பம் பகை. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அடுப்பு அலமாரி அதற்கு ஏற்ற இடமன்று. உணவு உடம்பில் சேரத் தொடங்கியதும் சர்க்கரை அளவு ஏறக்கூடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் கேட்டதும் கிடைக்கும் செரிமான டானிக்குகள் இதற்கு மாற்றல்ல. அவற்றில் பெரும்பாலும் இருப்பது பூஞ்சையிலிருந்து எடுத்த டயஸ்டேசும் பப்பாளிப் பாலின் நொதியும். முன்னது மாவையும் பின்னது புரதத்தையும்தான் தொடும், கொழுப்பைத் தொடாது. பளபளத்து மிதக்கும் வெளிறிய மலம், நீர் ஊற்றியும் போகாத நெய்ப்பசை, குறையும் எடை ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்வதே தக்கது. கூச்சத்தால் நாங்கள் அறிய இழந்த மாதங்கள் ஐந்து. அறுவைக்குக் காப்பீடு உதவினாலும் மாதாமாதம் வாங்கும் கேப்சூலின் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. நாளுக்கு ஒன்று என்று குறைத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றும் இம்மருந்தின் மூலம் பன்றியின் கணையம்தான். நண்பர் மரக்கறி உணவினர். நாளும் திருப்பாவை சொல்பவர். அவரிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்றனர் உறவினர் சிலர். சொல்லிவிடுவதே முறை என்று நாங்கள் கருதினோம். இரண்டு நாள் பேசாமலிருந்தார். மூன்றாம் நாள், “உயிரைப் பிடிச்சு வைக்கிற பொருளுக்கு நான் நன்றிதான் சொல்லணும்” என்றார். மறுத்திருந்தாலும் அது அவர் உரிமை. ஆனால் அறிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே தேவையில்லை என்பது அதன் சாரம். அதனால்தானோ என்னவோ, செரிக்கவில்லை என்றதும் உணவைக் குறைப்பதே நம் முதல் எண்ணமாக இருக்கிறது. பத்தியம் நம் பெருமைகளில் ஒன்றுதான். ஆனால் செரிக்கச் செய்யும் நீரே இல்லாத உடம்பில் பத்தியம் நோயின் பக்கம் சேர்ந்துகொள்கிறது. இங்கே கேப்சூல் உணவுக்கு முன்னோ பின்னோ வரும் மருந்து அன்று. உப்பைப் போல உணவின் ஒரு பகுதி. இலையில் சோறு விழும்போதே அதுவும் விழ வேண்டும்.

முறையாக உண்ணத் தொடங்கிய நான்கு மாதங்களில் நண்பரின் எடை ஆறு கிலோ கூடியது. அடுத்த கூடாரவல்லியன்று இலையோரத்தில் கேப்சூல்களை வரிசையாக வைத்துக்கொண்டு எங்களோடு அக்காரவடிசல் உண்டார். அதற்கடுத்த ஆண்டும் உண்டார். மூன்றாம் ஆண்டு அவர் இல்லை. புற்று திரும்பி வந்தது, நொதிக்கு அதைத் தடுக்கும் ஆற்றல் கிடையாது. பட்டினியைத் தடுக்கும் ஆற்றல் இருந்தது. அந்த இரண்டு மார்கழிகளும் அதனால் கிடைத்தவை.