லாரமி கோட்டை: மதிலில்லாத படைமுகாமின் அன்றாடம்

அமெரிக்காவின் இன்றைய வயோமிங் மாநிலத்தில், லாரமி ஆறு வடக்குப் பிளாட் ஆற்றோடு கூடும் இடத்துக்கு அருகே, வில்லியம் சப்லெட், ராபர்ட் கேம்பல் என்னும் வணிகர் இருவர் தோல் வாணிபத்துக்காக 1834இல் எழுப்பிய மரக்கோட்டையே லாரமி கோட்டையின் தொடக்கம். 1841இல் அதற்கு மாற்றாக, அடோபி எனப்படும் வெயிலில் உலர்த்திய மண் செங்கல்லால் கட்டப்பட்ட கோட்டையை, ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் வண்டிகட்டிச் சென்ற குடியேறிகளின் பாதையைக் காப்பதற்காக, அமெரிக்க அரசு 1849ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4,000 டாலருக்கு வாங்கியது. படை பொறுப்பேற்ற பின் அந்த முகாமைச் சுற்றி மதில் எழுப்பப்படவே இல்லை. அணிவகுப்பு மைதானத்தைச் சூழ்ந்து விடுதிகளும் லாயங்களும் கிடங்குகளும் பெருகி அது ஓர் ஊராகவே வளர்ந்தது. அங்கே வாழ்ந்தோரின் நாட்களில் மிகப் பெரும்பாலானவை போரில் அல்ல, உழைப்பிலேயே கழிந்தன.

விடியற்காலை முதல் விளக்கணைக்கும் நேரம் வரை ஊதுகொம்பின் ஒலியே பொழுதை வகுத்தது. பயிற்சியும் காவல் மாற்றமும் போக எஞ்சிய நேரத்தைப் படையினர் 'ஃபட்டீக்' எனப்பட்ட உடலுழைப்புப் பணிகளில் செலவிட்டனர்: விறகு வெட்டுவது, ஆற்றிலிருந்து நீர் கொண்டுவருவது, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றில் பனிக்கட்டி அறுத்துச் சேமிப்பது, கட்டடம் எழுப்புவது, தோட்டம் பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுந்தன. படையில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ஏழைகள்; 1870களில் சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அமெரிக்கப் படையில் சேர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பணிக்காலம் முடியுமுன் ஓடிப்போனதை, கோழைத்தனம் என்பதைவிட இந்தக் கூலியோடும் சலிப்போடும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

உணவின் கதை தனியே சொல்லத் தக்கது. அரசு அளித்த பங்கீட்டில் உப்பிட்ட பன்றி இறைச்சி அல்லது மாட்டிறைச்சி, மாவு, உலர்ந்த அவரை, காப்பி, சர்க்கரை ஆகியவை இருந்தனவேயன்றிப் பசுங்காய்கறி இல்லை. ஈறு வீங்கிப் பற்கள் ஆடும் ஸ்கர்வி நோய் அதனால்தான் எல்லைப்புற முகாம்களைத் தொடர்ந்து வந்தது. பயிற்சி பெற்ற சமையற்காரர் எவரும் நியமிக்கப்படாததால் சிப்பாய்களே முறைவைத்துச் சமைத்தனர். ஒருவர் ஓரளவு கைப்பழக்கம் பெறுவதற்குள் அவருடைய முறை முடிந்துவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 18 அவுன்ஸ் மாவு என்பது கணக்கு. நீர் சேர்த்துச் சுட்டால் ரொட்டி மாவைவிட எடை கூடும் என்பதால், அதே எடை ரொட்டிக்குக் குறைந்த மாவே போதுமானதாக இருந்தது. மிச்சப்பட்ட மாவை விற்றுச் சேர்த்த பொதுநிதியே படையினரின் சிறு வசதிகளுக்கு உதவியது. அரசின் போதாமையைச் சிப்பாய்கள் தங்கள் வயிற்றிலிருந்தே ஈடுகட்டினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

படையினரின் துணிகளை வெளுக்க, கம்பெனி எனப்பட்ட ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் நான்கு சலவைப் பெண்கள் வரை, பெரும்பாலும் சிப்பாய்களின் மனைவியர், அனுமதிக்கப்பட்டனர். பங்கீட்டு உணவும் சலவைக் கூலியும் பெற்ற இவர்கள் படையின் ஏட்டில் இடம்பெற்ற பெண்கள். 1878இல் அந்த ஏற்பாடும் முடிவுக்கு வந்தது. சட்லர் எனப்பட்ட உரிமம் பெற்ற வணிகரின் கடையிலோ சிப்பாய், குடியேறி, அப்பகுதியின் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் என அனைவரும் வந்து கூடினர்.

ஆண்டின் பரபரப்பான காலம் மே இறுதியில் தொடங்கி ஜூலைத் தொடக்கத்தில் அடங்கும். மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 650 மைல் கடந்து வந்த குடியேறிகள் இங்கே வண்டிகளைப் பழுதுபார்த்தனர். கடிதம் எழுதி அனுப்பினர். மலைப்பாதைக்கு அஞ்சி இரும்பு அடுப்புகளையும் பன்றி இறைச்சிக் குவியல்களையும் வழியோரத்தில் எறிந்துவிட்டுச் சென்றனர். 1850ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 50,000 பேர் கடந்து சென்றதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களுடைய கால்நடைகள் புல்லைத் தின்று தீர்க்க, காட்டெருமைகள் விலகிப்போக, இழப்பு முழுவதும் அந்நிலத்துக்குரிய மக்கள்மீது விழுந்தது.

1854 ஆகஸ்டில், மார்மன் குடியேறி ஒருவரின் பசுவை லகோட்டா ஒருவர் கொன்றார். அதற்கு ஈடு தர லகோட்டாத் தலைவர் முன்வந்தும், லெப்டினன்ட் ஜான் கிராட்டன் 29 படையினருடனும் இரண்டு பீரங்கிகளுடனும் அவர்களுடைய முகாமுக்குச் சென்று சுட்டார். தலைவர் படுகாயமுற்று இறந்தார், கிராட்டனும் அவருடைய படையினரும் மாண்டனர். பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒரு மாட்டுவழக்கு, மறு ஆண்டே பழிவாங்கும் படையெடுப்பாக முற்றியது.

இருப்புப்பாதை 1869இல் கண்டத்தைக் கடந்த பின் வண்டிப்பாதை தேய்ந்தது. 1890இல் படை வெளியேற, கட்டடங்கள் ஏலம் போயின. இந்தக் கோட்டையின் பெயர் தாங்கிய 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை பிளாக் ஹில்ஸ் எனப்படும் கருங்குன்றுகளை லகோட்டா மக்களுக்கு உறுதி செய்திருந்தும், 1877இல் அரசு அவற்றைப் பறித்துக்கொண்டது. அதற்கு இழப்பீடு வழங்க வேண்டும் என 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலமே வேண்டும் என்று கூறி அம்மக்கள் அந்தப் பணத்தை ஏற்க மறுத்துவிட்டனர்.