‘டயாலிசிஸ்னா அவ்வளவுதானா?’ - வாரத்தில் 12 மணி நேரம் போக, மீதி வாழ்க்கையை மீட்பது எப்படி?

‘அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டாங்களாம்...’

ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் இந்தப் பேச்சு காதில் விழுந்தால், அடுத்து வருவது பெரும்பாலும் ஒரு ‘உச்’தான். ‘இனிமே அவ்வளவுதான்’ என்று சொல்லாமல் சொல்லிவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கோ, அம்மாவுக்கோ, சித்தப்பாவுக்கோ டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்ன அன்று ராத்திரி நீங்களும் போனை எடுத்து, ‘எத்தனை வருஷம் உயிரோட இருப்பாங்க?’ என்றுதான் தேடியிருப்பீர்கள். கிடைத்த பதிலைப் பார்த்து தூக்கமும் போயிருக்கும்.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்ன, அதை நம் கையால் எவ்வளவு மாற்ற முடியும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெஷின் என்ன செய்கிறது?

நம் கிட்னி வாரத்தின் 168 மணி நேரமும் வேலை பார்க்கிறது. டயாலிசிஸ் மெஷினுக்கு வாரம் மூன்று முறை, தலா நான்கு மணி நேரம், ஆக 12 மணி நேரம்தான் கிடைக்கிறது. அதற்குள் ரத்தத்தை வெளியே எடுத்து, செயற்கை வடிகட்டி வழியாக ஓடவிட்டு, கழிவையும் தேங்கிய நீரையும் பிரித்து, திரும்ப உடம்புக்குள் அனுப்ப வேண்டும். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் சுமார் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் செலவாகிறது.

அதாவது, டயாலிசிஸ் கிட்னியைக் குணமாக்குவதில்லை. கிட்னி செய்யும் வேலையில் ஒரு பகுதியை மட்டும் செய்து கொடுக்கிறது. மீதியை மருந்து, ஊசி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று நாம்தான் ஈடுகட்ட வேண்டும். இது புரிந்துவிட்டால், ‘ஏன் இத்தனை கட்டுப்பாடு?’ என்ற எரிச்சல் பாதி குறையும்.

எத்தனை வருஷம்?

அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டின்படி, டயாலிசிஸ் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. ஜப்பானில் பாதிக்கும் மேல். படிக்கவே பயமாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். இந்த சராசரிக்குள் 80 வயதுக்காரரும் உண்டு, 25 வயதுக்காரரும் உண்டு. சர்க்கரை, இதயநோய் எல்லாம் சேர்ந்து வந்தவரும் உண்டு, கிட்னி தவிர வேறெதுவும் கெடாதவரும் உண்டு. உங்கள் வீட்டுக்காரரின் ஆயுளை இந்த ஒற்றை எண் சொல்லிவிடாது.

வரலாற்றைப் பாருங்கள். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையில் நிரந்தரமாகப் பொருத்தும் டெஃப்லான் குழாயைக் கொண்டு வந்தார். தொடர் டயாலிசிஸ் என்பதே அதன் பிறகுதான் சாத்தியமானது. அப்படி முதலில் சிகிச்சை பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1963-ல் அதே ஊரில் டயாலிசிஸ் தொடங்கிய ராபின் ஈடி என்ற பிரிட்டிஷ் மருத்துவ மாணவர், பின்னாளில் தோல்நோய்ப் பேராசிரியராகி, இடையில் மாற்று கிட்னியும் பெற்று, 2017 வரை வாழ்ந்தார்.

நம் நாட்டில் ஜெயப்பிரகாஷ் நாராயணனுக்கு 1975-ல் எமர்ஜென்ஸி காவலில் இருந்தபோது கிட்னி செயலிழந்தது. டயாலிசிஸ் செய்துகொண்டேதான் 1977-ல் எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்த்து ஆட்சி மாற்றத்தைக் கொண்டு வந்தார். 1979 வரை இருந்தார். எம்.ஜி.ஆரின் கதை உங்கள் தாத்தாவுக்கே மனப்பாடம். 1984-ல் கிட்னி செயலிழந்து, அமெரிக்காவின் புரூக்ளினில் மாற்று அறுவை சிகிச்சை. கிட்னி கொடுத்தவர் அண்ணன் மகள் லீலாவதி. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்து, திரும்பி வந்து மூன்றாவது முறையாக முதல்வரானார்.

ஆயுளைக் குறைப்பது எது?

டயாலிசிஸில் இருப்பவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இதயப் பிரச்னைக்கு. அடுத்து வருவது தொற்று. இரண்டுமே ஓரளவுக்கு நம் கட்டுப்பாட்டில் இருக்கும் விஷயங்கள்.

ஒரு நாளைத் தவறவிடாதீர்கள்: ‘இன்னிக்கு ஒருநாள்தானே, கல்யாண வீடு இருக்கு’ என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விழும். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் மாரடைப்பும் மரணமும் அதிகம் என்று பெரிய ஆய்வுகளே சொல்கின்றன. ஒருநாள் தவறினால் இடைவெளி இன்னும் நீளும். நான்கு மணி நேரத்தை மூன்றாகக் குறைக்கச் சொல்லி டெக்னீஷியனிடம் கெஞ்சுவதும் இதே கணக்குதான்.

எடையைப் பாருங்கள்: இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஒரு கிலோ ஏறினால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே நிற்கிறது என்று அர்த்தம். உடல் எடையில் 4 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 50 கிலோ ஆள் என்றால் 2 கிலோ. அதற்கு மேல் ஏறினால் மெஷின் வேகமாக நீரை இழுக்கும். பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், இதயம் களைத்துப்போகும். வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வையுங்கள். தினமும் காலையில் எடையைப் பார்த்து போன் நோட்ஸில் போடுவது உங்கள் வேலை.

கையைக் காப்பாற்றுங்கள்: ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்து கையில் செய்யும் ஃபிஸ்டுலாதான் நோயாளியின் உயிர்நாடி. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. விரலை வைத்தால் ‘விர்ர்’ என்று ஓர் அதிர்வு தெரியும். தினமும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கழுத்தில் டியூப் போட்டிருப்பவருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தால், மாத்திரை போட்டுவிட்டு விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

மதுரை நாக்குக்கு என்ன செய்வது?

மே மாத வெயிலில் யானைமலைப் பாறையே கொதிக்கும்போது, ‘தண்ணி குடிக்காதீங்க’ என்று அப்பாவிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம்! பொதுவான கணக்கு இது: ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவு, அதோடு அரை லிட்டர். காபி, மோர், ரசம், கஞ்சி, ஜிகர்தண்டா எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட்டு, சின்ன டம்ளரில் குடிக்கச் சொல்லுங்கள். வாய் கொப்பளித்துத் துப்பினாலும் தாகம் அடங்கும். முக்கியமாக, உப்பைக் குறைத்தால் தாகமே குறையும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் தாகத்தைக் கிளப்புகிறவை.

அடுத்த எதிரி பொட்டாசியம். இது ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றுபோகலாம். ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று பாசத்தோடு வெட்டித் தரும் இளநீர், டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்து. வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸும் அப்படியே. காய்களை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். அதை வாங்கவே வேண்டாம். நட்சத்திரப் பழம் கிட்னி நோயாளிகளுக்கு விஷம் மாதிரி.

இன்னொரு தவறான நம்பிக்கை, ‘கிட்னி போனவங்க முட்டை, கறி தொடவே கூடாது’ என்பது. டயாலிசிஸுக்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் டயாலிசிஸ் தொடங்கியபின் புரதம் அதிகமாகத் தேவை. முட்டை வெள்ளைக்கருவும் மீனும் அளவாகச் சாப்பிட வேண்டும். எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மனசுக்கும் ஒரு ரிப்போர்ட்

‘வாழ்க்கைத் தரம்’ என்பது வெறும் அலங்கார வார்த்தை இல்லை. கிட்னி நோயாளிகளுக்கென்றே தனிக் கேள்வித்தாள் வைத்து டாக்டர்கள் அதை அளக்கிறார்கள். தூக்கம் எப்படி, வலி இருக்கிறதா, நடக்க முடிகிறதா, ‘குடும்பத்துக்குப் பாரமாகிட்டேன்’ என்று தோன்றுகிறதா... இப்படிப் போகும் கேள்விகள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், இதில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்வதும் மரணமும் அதிகமாக இருந்தன. அதனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கும் அதே அக்கறையோடு, ‘ராத்திரி தூங்குனீங்களாப்பா?’ என்றும் கேளுங்கள்.

ஒத்தக்கடையில் இருந்து மாட்டுத்தாவணி வழியாகக் கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்து, திரும்பி வந்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால் கடையை யார் பார்ப்பது? கூலி வேலைக்கு எப்படிப் போவது? கூடப் போகிறவருக்கும் சம்பளம் போகிறதே? நோயைவிட இந்தக் கேள்விகள்தான் பலரை உடைக்கின்றன. வீட்டில் நான்கு பேர் இருந்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாரத்தையும் அம்மா தலையிலேயே இறக்காதீர்கள். டயாலிசிஸ் நேரத்தை அதிகாலைக்கோ மாலைக்கோ மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வேலை தொடர்ந்தால் வருமானம் மட்டுமல்ல, மனசும் நிற்கும்.

வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, தினமும் சில முறை திரவத்தை உள்ளே விட்டு எடுக்கும் சி.ஏ.பி.டி. முறை அது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சுத்தம் மட்டும் மிக முக்கியம். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால், டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

காசுக்கு என்ன வழி?

* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதில் டயாலிசிஸும் உண்டு. கார்டு இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள்.
* பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம்: 2016-ல் அறிவிக்கப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசம்.
* ரயில் சலுகை: டயாலிசிஸுக்கோ மாற்று அறுவை சிகிச்சைக்கோ போகும் நோயாளிக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. டாக்டர் சான்றிதழ் அவசியம்.
* சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் போடுங்கள்.

மாற்று கிட்னி: சீக்கிரமே பேசுங்கள்

உடம்பு தாங்கும் என்றால், நீண்ட ஆயுளும் நல்ல வாழ்க்கையும் தருவது மாற்று சிறுநீரகம்தான். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோரை நெருங்கிய உறவாகச் சட்டம் ஏற்கிறது. ரத்தப் பிரிவு பொருந்தாவிட்டால், இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. புரோக்கர் யாராவது ‘காசு கொடுத்தா ஏற்பாடு பண்றேன்’ என்றால் விலகி ஓடுங்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

உறவில் யாரும் இல்லையா? தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெறும் அரசுத் திட்டம் 2008 முதல் நடக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்து வையுங்கள். வரிசை நீளம். ஆனால் பதியாதவருக்கு முறை வரவே வராது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு 2023 முதல் அரசு மரியாதையோடு நடக்கிறது.

கடைசியாக, உங்களைப் பற்றி...

வீட்டில் ஒருவருக்கு சர்க்கரையோ, பிரஷரோ, கிட்னி பிரச்னையோ இருந்தால், உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கிட்னி பெருமளவு கெடும் வரை வலிக்காது, சத்தம் போடாது. வருடத்துக்கு ஒருமுறை பிரஷர், சர்க்கரை, ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் என நான்கையும் பாருங்கள். முதுகுவலிக்கும் தலைவலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத் தினமும் போடாதீர்கள்.

இந்தக் கட்டுரையை மூடியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த டயாலிசிஸ் தேதிக்கு போனில் அலாரம் வையுங்கள். அன்றைக்குக் கூடப் போவது யார் என்று அண்ணன், தங்கையோடு பேசி முடிவு செய்யுங்கள். ‘எத்தனை வருஷம்’ என்ற கேள்விக்கு அந்த அலாரமும் ஒரு பதில்தான்.