வண்டிக் குதிரையும் வீடற்ற மனிதனும்

அந்நாளைய லண்டனில் வாடகை வண்டிக் குதிரை இடறி விழுந்தால், யார் தவறு என்று கேட்கமாட்டார்கள். முதலில் தூக்கி நிறுத்துவார்கள். அதற்கு லாயமும் தீனியும் வேலையும் உண்டு. குடியால் விழுந்த மனிதனுக்கு அதுகூட இல்லையே என்று 1890-ல் எழுதினார் வில்லியம் பூத்.

1865-ல் கிழக்கு லண்டனில் மனைவி கேத்தரினோடு அவர் தொடங்கிய ஊழியமே 1878-ல் இரட்சணிய சேனை ஆனது. தொடக்கத்தில் பிரசங்கம்தான் பிரதானம். பசித்தவன் காதில் பிரசங்கம் ஏறுமா? 1888-ல் லைம்ஹவுஸ் பகுதியில் மலிவு உணவும் படுக்கையும் தரும் விடுதியைத் திறந்தார்கள். 1891-ல் எசெக்ஸில் உள்ள ஹாட்லியில் பண்ணை வந்தது. நகரத்தில் வேலையின்றித் திரிந்தவர்கள் அங்கே காய்கறி பயிரிட்டார்கள், செங்கல் அறுத்தார்கள். மதுவுக்கு இடமில்லை. விடுதி, பண்ணை, அதன்பின் கடல்கடந்த குடியேற்றம் என்பது திட்டம். கடைசிப் படி மட்டும் பூத் நினைத்தபடி அமையவில்லை.