மழைநீர் வடிகால் நிதி

அமெரிக்க நகரங்கள் பல மழைநீர் வடிகால் பணிகளுக்கெனத் தனிக் கணக்கில் வைத்திருக்கும் நிதி. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974இல் இதற்கெனத் தனி அமைப்பை நிறுவியது. அந்நாட்டின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று. கூரை, கான்கிரீட் தளம், வாகன நிறுத்துமிடம் என நீர் உட்புகாத பரப்பை அளந்து இந்நிதிக்கான கட்டணம் விதிப்பது பரவலான முறை. ஃபிலடெல்ஃபியா 2010இல் வணிக வளாகங்களுக்கு இம்முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தது.

சாலையைத் தோண்டிப் புதுப்பிக்கும்போது தளம், நடைபாதைச் செலவைச் சாலை நிதியிலும், வடிகால் குழாய், வண்டல் தொட்டிச் செலவை இந்நிதியிலும் எழுதுவது வழக்கம். பழைய குழாயை அப்போதே மாற்றிவிட்டால், போட்ட தளத்தை மறுபடி வெட்ட வேண்டியதில்லை. பெரும் பணிகளுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, கட்டண வருவாயிலிருந்து அடைப்பதுண்டு. இந்நிதியை வேறு செலவுகளுக்குத் திருப்பப் பொதுவாக அனுமதியில்லை.