லபோர்த்: வாயிலைப் பெயராக்கிக் கொண்டவர்

மாமல்லபுரத்தைப் பற்றி அறிஞர்களிடையே நிகழ்ந்த வாதங்களில் பெரும்பகுதி பெயர்களைப் பற்றியதே என்பதை வரலாற்று ஆர்வலர்கள் அறிவார்கள். தருமராச ரதத்தில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும் விருதுப்பெயர்கள் யாருடையவை? 'அத்யந்தகாமன்' என்று தன்னை அழைத்துக்கொண்டவன் முதலாம் நரசிம்மவர்மனா, அவனது பேரன் பரமேசுவரவர்மனா, இராசசிம்மனா? 1962-ல் இரா. நாகசாமி அவர்கள் எல்லாவற்றையும் இராசசிம்மனுக்கே உரியதாக்கி எழுதிய கட்டுரைக்குப் பின் அந்த வாதம் இன்னும் சூடுபிடித்தது. ஊரின் பெயரே ஒரு மன்னன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்தான். மகேந்திரவர்மனோ விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போனான். பெற்றோர் இட்ட பெயர் போதாமல், தான் யார் என்பதைத் தானே தெரிந்தெடுத்த சொல்லால் அறிவித்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் கடற்கரைக்குப் புதிதன்று.

ஆனால் அது மன்னர்களுக்கு மட்டுமே வாய்த்த வசதி. குடிமகன் ஒருவன் அப்படிச் செய்ய முடியுமா? மல்லையிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 95 கி.மீ. சென்றால் வரும் புதுச்சேரியில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படியொரு சட்டமே இருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு தமிழ் வழக்கறிஞர் தேர்ந்தெடுத்த பிரெஞ்சுக் குடும்பப்பெயரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. அவர் தேர்ந்தெடுத்த பெயர் லபோர்த்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பிரெஞ்சில் 'போர்த்' என்றால் கதவு, வாயில். 'ல' என்பது அம்மொழியில் பெண்பாற் பெயருக்கு முன் வரும் சுட்டு. ஐரோப்பாவின் இடைக்கால நகரங்கள் மதில் சூழ்ந்தவை. அந்த மதிலின் வாயிலருகே குடியிருந்தவனையும், சில இடங்களில் வாயிலைக் காத்தவனையும் ஊரார் 'வாயிற்காரன்' என்று சுட்டினார்கள். அந்தச் சுட்டு பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டு குடும்பப்பெயராயிற்று. பிரான்சில் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் 11-ஆம் நூற்றாண்டு தொடங்கி இப்படித்தான் உருவாயின: தொழிலால், ஊரால், உடல் அடையாளத்தால், தந்தை பெயரால். 1539-ல் முதலாம் பிரான்சுவா மன்னரின் வில்லே-கொத்ரே ஆணை, திருமுழுக்குகளைப் பங்குக் கோயில்கள் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. எழுத்தில் ஏறியதும் பெயர்கள் இறுகிப்போயின. புரட்சிக்குப் பின் 1794-ல் வந்த சட்டமோ, பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறெதையும் எந்தக் குடிமகனும் தாங்கக்கூடாது என்று கட்டளையிட்டது.

வாயிலைக் குறிக்கும் பெயர்களின் பரவலும் சுவையானது. லபோர்த் என்ற வடிவம் தென்மேற்குப் பிரான்சில் மிகுதி. 'வாயிலிலிருந்து வந்தவர்' எனப் பொருள்படும் தெலபோர்த் நோர்மண்டிப் பக்கம் செல்வாக்குடையது. தெற்கே போர்த்தால் என்பார்கள். வாயிற்காவலரே போர்த்தியே ஆனார். பிரபுக்களிடம் இதே பெயர் 'த ல போர்த்' என்று நீண்டது. பிரான்சையே ஆட்டிவைத்த கர்தினால் ரிஷலியேயின் தாயார் சூசன் த ல போர்த். அவருடைய தந்தை பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். இந்தியப் பெருங்கடலை நோக்கி 1642-ல் ஒரு பிரெஞ்சு வணிகக் கம்பெனியைத் தொடங்கி வைத்தவர் அந்தச் சூசனின் மகன். அங்கோர் சிற்பங்களை வரைந்தும் பாரிசுக்குக் கொண்டுசென்றும் பெயர்பெற்ற லூயி தெலபோர்த்தும் (1842–1925) இந்த வாயில் வழி வந்தவரே. அங்கோரின் மன்னர்களும் நம் பல்லவர்களைப்போல 'வர்மன்' என்று முடியும் பெயர்களைத் தாங்கியவர்கள் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் கியூபெக்கிலும் இப்பெயர் வேரூன்றியது. 1970 அக்டோபரில் கடத்திக் கொல்லப்பட்ட கியூபெக் அமைச்சர் பியேர் லபோர்த்தின் பெயர் அங்கே இன்னும் மறக்கப்படவில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லபோர்த் என்று ஓர் ஊரே உண்டு. காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையே இயற்கையாக அமைந்த திறப்பை ஒரு வாயிலாகக் கண்டு இட்ட பெயர் அது.

'போர்த்' என்பதன் மூலம் இலத்தீனின் 'போர்த்தா'. துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்த்துஸ்' அதன் உடன்பிறப்பு. 'கடந்து செல்' என்ற பொருளுடைய ஒரே வேரிலிருந்து முளைத்தவை இரண்டும். நிலத்தில் கடக்கும் இடம் வாயில், நீரில் கடக்கும் இடம் துறை. கடல்மல்லைத் துறையை அறிந்த நமக்கு இது விளங்காததல்ல. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே பாலாறு கடலில் கலக்கும் இடத்தை நாம் முகத்துவாரம் என்கிறோம். அதிலுள்ள 'துவாரம்' வடமொழியில் வாயில்தானே! மல்லையின் திரௌபதி ரதத்தில் வாசலின் இருபுறமும் நிற்கும் காவற் பெண்களைத் துவாரபாலிகைகள் என்பதும் அதே சொல்லைக் கொண்டுதான்.

தமிழில் வாயில் பெயராகவில்லையா? ஆகியிருக்கிறது. குடவாயில் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய கீரத்தனார் சங்கப் புலவர். அறுபத்துமூவரில் ஒருவரான மயிலாப்பூர் வாயிலார் நாயனார் நம் தொண்டைமண்டலத்துக்காரர். அவர் பேசாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி வழிபட்டவர் என்பதால், 'வாய் இலார்' என்று பிரித்துப் பொருள் காண்போரும் உண்டு. இலக்கணக்காரர்களைக் கேட்டால், 'இல்லின் வாய்' என்பதாகிய 'இல்வாய்' முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று, இது இலக்கணப்போலி என்பார்கள். வீட்டுக்கு வாய் உண்டென்று கண்ட மொழி நம்முடையது. ஆயினும் வாயிலார் என்ற பெயர் அவருடைய பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் குடும்பப்பெயராக இறங்கவில்லை. தமிழ்ப் பெயர்முறையில் அதற்கு இடமில்லை. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்வோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். தலைமுறைகளைக் கடந்து நின்றது சாதிப்பட்டம் ஒன்றுதான். பிள்ளை, முதலியார், செட்டியார் என்று அது தொடர்ந்தது. பட்டம் அற்றவர்களுக்கு அற்றிருப்பதே அடையாளமாகத் தொடர்ந்தது. இந்த இடம்தான் நம் கதையின் முடிச்சு.

நிற்க. 1873-க்கு வருவோம். புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய முறையில் காலுறையும் சப்பாத்தும் அணிந்து நுழைந்தார். 'நேட்டிவ்' ஒருவர் அப்படி வருவது நீதிமன்றத்துக்கு இழுக்கு என்று கருதிய நீதிபதி அவரை அனுமதிக்க மறுத்தார். பிரித்தானிய இந்தியாவிலும் அந்நாளில் இந்தியர் காலணி பெருஞ்சிக்கலாக இருந்ததுண்டு. பொன்னுத்தம்பியார் பேசாமல் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம். அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுசென்றார், வென்றார். காலணி அற்பப் பொருள் என்று எண்ணுபவர்கள், யார் எந்தத் தெருவில் செருப்பணியலாம் என்று நம் ஊர்களில் யார் தீர்மானித்து வந்தார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம்.

அவரும் அவரையொத்த கருத்துடையவர்களும் அடுத்துக் கேட்டது பெரிது. பிரெஞ்சு ஆட்சிப்பகுதியில் இந்துக்களும் முகமதியரும், பெருமளவு கிறித்தவர்களும்கூட, திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் அவரவர் வழக்காற்றின்படி நடந்துவந்தார்கள். அந்த வழக்காற்றின் உயிர்நாடி சாதி. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் பிறந்த ஆணை, அதைத் துறக்க விரும்பும் எவரும் துறக்கலாம் என்றது. பதிவு அலுவலர் முன்னிலையில் அறிவிப்புச் செய்தால், அவரும் மனைவியும் உரிய வயது எய்தாத மக்களும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வந்துவிடுவார்கள். மதம் மாற வேண்டியதில்லை; சாதி, மதம் பார்க்கப்படாது. ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், மீள வழியில்லை. அத்துடன், இனித் தலைமுறை தலைமுறையாகத் தாங்கப்போகும் ஒரு குடும்பப்பெயரையும் அங்கேயே சொல்லியாக வேண்டும். இவர்களைப் பிரெஞ்சில் 'ரெனோன்சான்' என்றார்கள், துறந்தவர் என்ற பொருளில்.

அந்த மேசையின் முன் நின்ற ஒரு மனிதரை நாம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பிறப்பால் வந்த பெயருக்கு அவர் பொறுப்பல்ல. இனி வரும் பெயருக்கு அவரே பொறுப்பு. அது அவர் பேரனின் பேரனுக்கும் போகும். சிலர் பிரெஞ்சு ஆட்பெயர்களையும் புனிதர் பெயர்களையும் எடுத்துக்கொண்டார்கள். சிலர் தங்கள் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் உறையவைத்தார்கள். பொன்னுத்தம்பியார் தம் பெயரை விட்டுவிடவில்லை. அதனோடு லபோர்த் என்பதைச் சேர்த்துக்கொண்டார். பிள்ளை இருந்த இடத்தில் வாயில் வந்து நின்றது. தம் மக்களுக்குப் புதிய பாதையின் கதவைத் திறந்துவிட்டவர் என்பதால் அப்பெயரைக் கொண்டார் என்று புதுச்சேரியில் விளக்கம் சொல்வார்கள். காலணிக்காக ஒரு வாயிலில் தடுக்கப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பெயரின் கூர்மை இன்னும் விளங்கும்.

இதை அந்நிய மோகம் என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு லபோர்த் என்பது பொருள் மறந்துபோன வெறும் பெயர். நம்மூர்க் கருப்பையாவைப் பார்த்து யாரும் நிறத்தை நினைப்பதில்லை அல்லவா, அதுபோல. பொன்னுத்தம்பியாரோ அச்சொல்லைப் பொருளோடு எடுத்தார். அந்த வகையில் அது மகேந்திரன் சூடிய விருதுப்பெயர்களுக்கே நெருக்கமானது.

கதவு எங்கே திறந்தது என்பது வேறு செய்தி. துறந்தவர்களில் கிறித்தவர்களும் தாழ்த்தப்பட்டோரும் மிகுதி. சாதி இந்துக்களில் செல்வாக்குடையோர் சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பிரெஞ்சிந்திய அரசியலில் அவர் கை நெடுங்காலம் ஓங்கியிருந்தது. 1884-ல் வாக்காளர் பட்டியல் மூன்றாக்கப்பட்டது: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, துறவாதவர் ஒன்று. பிரெஞ்சுக்காரரோடு சமமாகலாம் என்று சாதியைத் துறந்தவர்கள் தனி அறையில் உட்காரவைக்கப்பட்டார்கள். 1899-ல் அந்த நடுப்பட்டியலும் ஒழிக்கப்பட்டது. மீண்டும் இரண்டே பட்டியல்கள். நம் கருத்தில், பிரெஞ்சுக் குடியரசு தன் சொல்லைக் காப்பாற்றவில்லை.

ஊரில் கிடைக்காததைப் பலர் கடல் கடந்து தேடினார்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்கு எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வரி அலுவலர்களாகவும் சென்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களிடையே துறந்தவர்கள் கணிசம். பிரெஞ்சுக் குடும்பப்பெயரையும் சட்டத்தையும் காட்டி ஐரோப்பியருக்குரிய உரிமைகளை அங்கே கோரினார்கள்; வாதாடிப் பலவற்றைப் பெற்றார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு பயணமும் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களிடம் எந்தப் பெயர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1853-ல் மார்த்தினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் கொண்டுசென்றது. ரெயூனியனுக்கு அதற்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தார்கள். எழுத்தர் காதில் விழுந்த ஆட்பெயரே அங்கே குடும்பப்பெயராக உறைந்தது. முத்துசாமி 'மூத்தூசாமி' ஆனார். வீரப்பிள்ளை 'வீராப்புல்லே' ஆனார். குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குச் சென்ற எழுத்தாளர் எர்னெஸ்ட் மூத்தூசாமியும், ரெயூனியன் அரசியலில் நெடுநாள் விளங்கிய ழான்-போல் வீராப்புல்லேயும் அந்தப் பெயர்களின் வாரிசுகள். ஆக, இன்று மூத்தூசாமி ஒரு பிரெஞ்சுக் குடும்பப்பெயர். லபோர்த் ஒரு தமிழ்க் குடும்பப்பெயர். அங்கே தமிழ் மொழி வீட்டைவிட்டுப் போயிற்று, பெயர் நின்றது. இங்கே பட்டம் போயிற்று, மொழி நின்றது.

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான கைமாற்றம் முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டபோது ஏறத்தாழ 5000 பேர் அதைத் தேர்ந்தார்கள். மற்றவர்கள் இந்தியரானார்கள். இந்தியரான துறந்தவர்களின் வழிவந்தோருக்கோ இன்றும் புதுச்சேரியில் இந்து வாரிசுரிமைச் சட்டமோ கிறித்தவ வாரிசுரிமைச் சட்டமோ பொருந்துவதில்லை. திருமணத்துக்கும் சொத்துக்கும் அவர்களை ஆள்வது பிரெஞ்சு உரிமையியல் சட்டமே. பெண்மக்களுக்கு ஆண்மக்களோடு சமபங்கு தரும் அந்தச் சட்டம், சுற்றியிருந்த குடும்பங்களில் அது நினைத்தும் பார்க்கப்படாத நாட்களிலேயே அவர்கள் வீடுகளில் நடைமுறையில் இருந்தது. ஆனால் அது 1962-ல் இருந்தபடியே நின்றுபோன சட்டம். பிரான்சில் 2005 முதல் பிள்ளைக்குத் தாயின் குடும்பப்பெயரையோ இருவர் பெயரையும் சேர்த்தோ இடலாம் என்று சட்டம் மாறிவிட்டது. அந்த மாற்றம் கடல் கடந்து புதுச்சேரியின் பதிவேடுகளுக்கு வரவில்லை.