மாடு மேய்ந்த விமானத் தளம்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டேட்டன் நகருக்கு வெளியே ஹஃப்மேன் ப்ரெய்ரி என்று ஒரு மேய்ச்சல் நிலம். ரைட் சகோதரர்கள் 1904, 1905 ஆண்டுகளில் பறந்து பழகியது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் நாம படிச்சது 1903 கிட்டி ஹாக் கதை மட்டும். விமானத்தை ஒழுங்கா வளைக்கவும் வட்டமடிக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டது இந்த நிலத்தில். உரிமையாளர் டோரன்ஸ் ஹஃப்மேன் வாடகை கேட்கவில்லை. ஒரே நிபந்தனை: பறப்பதற்கு முன் மாடுகளையும் குதிரைகளையும் வேலிக்கு வெளியே ஓட்டிவிடணும்.

1905 செப்டம்பர் 7 அன்று ஆர்வில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகப் பறந்தார். அதற்குள் பறவைக் கூட்டம் ஒன்றை இரண்டு சுற்று துரத்தினார். ஒரு பறவை அடிபட்டு மேல் இறக்கையின் மேலேயே கிடந்தது. சட்டென்று வளைந்து திரும்பியபோது கீழே விழுந்தது. இது அவர்களுடைய குறிப்பேட்டில் இருக்கு. பறவை மோதலைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் முதல் பதிவாக இதைத்தான் சொல்கிறார்கள். துரத்தியது பறவை இல்லை, மனுஷன். அதைக் கவனிங்க.

அடுத்தது விளையாட்டாக முடியவில்லை. கால் ராட்ஜர்ஸ் 1911இல் நியூயார்க்கில் கிளம்பி, வழியெல்லாம் விழுந்து எழுந்து, 49 நாளில் கலிஃபோர்னியாவின் பாசடீனா வந்து சேர்ந்தவர். அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடந்த முதல் ஆள். ‘வின் ஃபிஸ்’ என்ற திராட்சை சோடாவின் பெயரைத்தான் விமானத்துக்கு வைத்திருந்தார். விளம்பரப் பணம் அப்பவே வந்தாச்சு. அத்தனை விபத்திலும் பிழைத்தவர், 1912 ஏப்ரல் 3 அன்று லாங் பீச் கடற்கரையில் கடற்காகக் கூட்டத்துக்குள் பறந்து, கரையோரத் தண்ணீரில் விழுந்து செத்துப்போனார். பறவை மோதலால் இறந்த முதல் விமானி என்று வரலாறு அவரைத்தான் குறிக்கிறது.

ஆக, முதல் அடி வாங்கியது சின்ன விமானங்கள். ஆனால் விதிகள் பெரிய விமானங்களைப் பார்த்துதான் கடுமையாச்சு. 1960 அக்டோபரில் பாஸ்டனில் எலெக்ட்ரா விமானம் ஸ்டார்லிங் கூட்டத்தில் மோதி 62 பேர் இறந்தார்கள். ஸ்டார்லிங் நம்ம மைனாவின் உறவு. 1890இல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நியூயார்க்கில் பறக்கவிட்ட பறவை. 1962இல் மேரிலாந்தில் அன்னங்கள் வால் இறக்கையைச் சிதைத்து 17 பேர் பலி. இன்றைக்கு அமெரிக்க விதிப்படி, பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி 1.8 கிலோ பறவையைத் தாங்கணும். வால் பகுதி 3.6 கிலோ. நாலு சீட் விமானத்தின் கண்ணாடிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. மெதுவாகப் பறப்பதால் அடியின் வேகமும் குறைவு என்பது சரிதான். ஆனாலும் மணிக்கு 200 கிலோமீட்டரில் வாத்து ஒன்று மெல்லிய அக்ரிலிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு முகத்தில் வந்து விழுந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விமானி.

தரையிலும் இதே கதைதான். பயணிகள் சேவை உள்ள நிலையங்கள் அரசுச் சான்றிதழ் வாங்கணும்; விலங்கு ஆபத்து இருந்தால் உயிரியலாளரை வைத்து ஆய்வு செய்யணும். அந்தச் சேவை இல்லாத சின்னத் தளங்களுக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. மானைத் தடுக்கப் பத்து அடி வேலி வேணும் என்று பரிந்துரை இருக்கு. பல இடங்களில் அதுக்குப் பணம் இல்லை.

மான் என்றதும் ஒரு வேடிக்கை. ஆர்வில் பறந்த காலத்தில் ஓஹையோவில் வெள்ளைவால் மானே இல்லை. வேட்டையிலும் காடழிப்பிலும் 1904 வாக்கில் அங்கே அற்றுப்போயிருந்தது. 1920கள், 30களில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்; இப்போது மாநிலம் முழுக்க மான்தான். இணைசேரும் பருவமான நவம்பரில், அந்தி நேரத்தில், ஓடுபாதைப் பக்கம் கூட்டமாக வந்து நிற்கும். அதனால் சின்னத் தளங்களில் இறங்கும் விமானிகள் பலர், விளக்கைப் போட்டு ஒரு தடவை தாழப் பறந்து மானை விரட்டிவிட்டு, சுற்றி வந்துதான் இறங்குகிறார்கள்.