தென்காசி வட்டாரத்தில் பாளையக்காரர் போர்களும் தலைமுறை மாற்றமும்: காவல் உரிமையை முன்வைத்து (1755–1947)

ஆய்வுச் சுருக்கம்

நெல்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், சிவகிரி, வடகரை, ஊத்துமலை ஆகிய பாளையங்கள் இன்றைய தென்காசி மாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்தவை. 1755 முதல் 1801 வரை இவ்வட்டாரத்தைப் பாதித்த போர்களும் அவற்றைத் தொடர்ந்த ஆயுதக் களைவும் அடுத்தடுத்த தலைமுறைகளை எவ்வாறு உருவாக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாளையக்காரரின் வழித்தோன்றல்களுக்கும் காவற்காரரின் வழித்தோன்றல்களுக்கும் ஒரே போர் இருவேறு மரபுரிமைகளை விட்டுச்சென்றது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பாளையம், காவல், தலைமுறை, ஆயுதக் களைவு, ஜமீன், குற்றப்பரம்பரைச் சட்டம்.

முன்னுரை

தலைமுறை என்பது வயதுக் கணக்கு மட்டுமன்று. ஒரே வரலாற்று நிகழ்வை ஒரே பருவத்தில் எதிர்கொண்டோரின் தொகுதி அது என்று சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார். ஒரே தலைமுறைக்குள்ளும் நிகழ்வை வெவ்வேறு விதமாக எதிர்கொள்ளும் அலகுகள் உண்டு என்பதும் அவர் கருத்து. பாளையக்காரர் போர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் போர்க்களத்தையும் தலைவர்களையும் மையமாகக் கொண்டவை. கா. இராசய்யனின் நூல்கள் கிளர்ச்சியின் அரசியலை விரிவாக ஆராய்ந்தன. போருக்குப் பிந்தைய தலைமுறைகள் எவ்வாறு பிரிந்தன என்னும் வினா தனியே எழுப்பத்தக்கது. அதற்குக் காவல் உரிமை ஏற்ற அளவுகோலாகும். தலைவரையும் எளிய காவற்காரரையும் பிணைத்திருந்த நிறுவனம் அதுவே.

போருக்கு முந்தைய தலைமுறை

நாயக்கர் ஆட்சியில் உருப்பெற்ற பாளைய முறையில், திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் மறவர் தலைவர்களிடமும் கிழக்குப் பாளையங்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர் தலைவர்களிடமும் இருந்தன. பாளையக்காரர் பெரும்பரப்பின் பாதுகாப்புக்குரிய தேசகாவலையும், அவரவர் ஊர்களில் காவற்காரர் ஊர்க்காவலையும் மேற்கொண்டனர். விளைச்சலில் ஒரு பங்கு காவற்கூலியாகக் கிடைத்தது. களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு செய்வதோ காவற்காரரின் கடமை. அம்முறையில் உரிமையும் பொறுப்பும் இணைந்திருந்தன. வலியோர் எளியோரிடம் மிகைப்படப் பெறுவதற்கும் அது இடமளித்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இத்தலைமுறைப் பாளையக்காரர் தம்மைப் போர்த்தலைவராக மட்டுமன்றிக் கோயிற்புரவலராகவும் காட்டிக்கொண்டனர். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் வடகரைச் சின்னணஞ்சாத் தேவர் குறிக்கப்பெறுவது இதற்குச் சான்று. குற்றாலநாதர் கோயில், மலை, காவல், கொடை ஆகியன ஒரே அதிகார ஒழுங்கின் உறுப்புகளாக விளங்கிய காலம் அது.

போர்த் தலைமுறைகள்

ஆர்க்காட்டு நவாபின் கப்பம் தண்டும் உரிமையை நிலைநாட்ட 1755இல் மாபூஸ்கானும் கும்பினிப் படைத்தலைவர் அலெக்சாண்டர் கெரானும் தெற்கே வந்தனர். நெல்கட்டும்செவல் பூலித்தேவர் கப்பம் செலுத்த மறுத்தார். போதிய பீரங்கிகள் இன்றிக் கெரான் திரும்ப நேர்ந்தது. அடுத்துவந்த யூசுப்கான் நெடிய போராட்டத்திற்குப் பின் 1761இல் நெல்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகளைக் கைப்பற்றினார். யூசுப்கான் 1764இல் தூக்கிலிடப்பட்டபின் எதிர்ப்பு மீண்டும் துளிர்த்தது. 1767இல் டொனால்டு கேம்பெல் தலைமையிலான படை வாசுதேவநல்லூரை வென்றது. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபின் சிவகிரிக்கும் படை நடத்தினார். பாளையப் படைகளுக்கு மேற்குமலைக் காடு அரணாயிற்று.

1755இல் இருபது வயதினராக வேல் ஏந்திய ஒருவர் 1801இல் உயிரோடிருந்திருப்பின் அவருக்கு வயது அறுபத்தாறு. எனவே 1799, 1801 ஆம் ஆண்டுப் போர்களில் நின்றோர் அவருடைய மக்களும் பேரர்களுமாகவே இருந்திருக்க இயலும். இவ்விரு தலைமுறைகளுக்கும் எதிரி ஒன்றல்ல. முன்னவர் நவாபின் கப்ப உரிமையை மறுத்தனர். அப்போது கும்பினி நவாபின் துணைப்படையே. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக் கப்பம் தண்டும் உரிமை கும்பினியிடம் வந்தது. பின்னவர் வரி, நீதி, ஆயுதம் மூன்றையும் தன்வயப்படுத்த முனைந்த ஒரே அதிகாரத்தை எதிர்கொண்டனர். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் ஊமைத்துரையின் தலைமையில் மூண்ட இரண்டாம் போர் ஒடுக்கப்பட்டதும் இம்மோதலின் இறுதிக் கட்டங்கள்.

ஆயுதக் களைவும் இருவேறு மரபுரிமைகளும்

1801 டிசம்பர் 1ஆம் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. பணிவோருக்கு மன்னிப்பையும் நிலையான வரித்திட்டத்தையும் உறுதியளித்தது. 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குவிதி நிலையான நிலவரித் திட்டத்தைக் கொணர்ந்தது. 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. தேசகாவல் பாளையக்காரரிடமிருந்து நீக்கப்பட்டது.

இங்குதான் தலைமுறை இரண்டாகப் பிரிகிறது. பாளையக்காரரின் மக்கள் இழந்த அதிகாரத்திற்கு ஈடாக நிலவுரிமைப் பட்டயம் பெற்றனர். ஆயுதத்தால் காட்டிய பெருமையை அவர்கள் கோயிற்றிருப்பணியாலும் புலவர் ஆதரவாலும் காட்டினர். காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊத்துமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் இம்மாற்றத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. திருநெல்வேலி வரலாற்றை 1881இல் வெளியிட்ட கால்டுவெல், பாளையக்காரர் ஜமீன்தாரானதைப் பெயர்மாற்றமாக மட்டுமன்றி இயல்பு மாற்றமாகவும் கண்டார்.

கால்டுவெல்லின் மதிப்பீடு தலைவரின் குடும்பத்துக்குப் பொருந்தும். காவற்காரரின் குடும்பத்துக்குப் பொருந்தாது. ஆயுதத்தையும் சட்ட ஏற்பையும் ஒருசேர இழந்த காவற்காரருக்குப் பட்டயம் எதுவும் கிடைக்கவில்லை. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி ஊர்க் காவற்பணியை ஊர்த்தலைவர், தலையாரி ஆகியோரிடம் அளித்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் பெறும் காவல்துறையை உருவாக்கியது. எனினும் பல ஊர்களில் பழைய காவல் வழக்கத்தில் நீடித்தது. பாட்டன் காலத்தில் கடமைக்குரிய கூலியாக இருந்தது, பேரன் காலத்தில் அரசின் பார்வையில் மிரட்டிப் பெறும் பணமாயிற்று. களவுபோன மாட்டை மீட்டுத் தரப் பெற்ற துப்புக்கூலி, களவுக்கு உடந்தை என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. செயல் ஒன்றே, அதற்குரிய சட்டப்பெயர் மாறியது.

1871இல் வடஇந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் சென்னை மாகாணத்திற்கு வந்தது. கள்ளர், மறவர் உள்ளிட்ட சமூகங்களின் பல பிரிவுகள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. கைரேகைப் பதிவும் காவல்நிலைய வருகையும் கட்டாயமாயின. 1920இல் மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்தோர் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒரு தலைமுறையின் தொழிலிழப்பை அடுத்த தலைமுறைகளின் பிறவிக்குணமாகப் பதிவுசெய்தமையே அச்சட்டத்தின் அடிப்படைப் பிழை. சென்னை மாகாணத்தில் அது 1947இல் நீக்கப்பட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. 1801இல் பிரிந்த இரு மரபுரிமைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சட்ட அளவில் முடிவுற்றன.

நினைவின் தலைமுறை

விடுதலைக்குப் பிந்தைய தலைமுறை இப்போர்களை விடுதலைப் போரின் தொடக்கமாக வாசித்தது. நெல்கட்டும்செவலில் அரசு பூலித்தேவருக்கு நினைவு மாளிகை அமைத்தது. வாய்மொழி மரபில் வாழ்ந்த ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி ஆகியோரின் பெயர்கள் அருந்ததியர், தேவேந்திரகுல வேளாளர் ஆகிய சமூகங்களின் முயற்சியால் பொதுவெளிக்கு வந்தன; பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கு மணிமண்டபம் எழுந்தது. பாளையப் படை ஒரு சாதியின் படை அன்று என்பதை இந்நினைவுகள் வலியுறுத்துகின்றன. கும்பினி ஆவணங்கள் தலைவர்களின் பெயர்களையே பெரிதும் பதிந்தமையால், ஏனையோரின் வரலாற்றுக்கு வாய்மொழிச் சான்றுகள் இன்றியமையாதவை. அவை பிற்காலத் தேவைகளாலும் வடிவம் பெற்றவை என்பதால், பாடப்பட்ட காலத்தையும் சூழலையும் கருத்திற்கொண்டே அவற்றைப் பயன்படுத்துதல் வேண்டும்.

முடிவுரை

போர் ஒரு தலைமுறையைத் தோற்கடிக்கிறது. போருக்குப் பின் வரும் சட்டமே அடுத்த தலைமுறைகள் யாராக அறியப்படுவர் என்பதைத் தீர்மானிக்கிறது. தென்காசி வட்டாரத்தில் அச்சட்டம் தலைவரின் மகனை நிலவுடைமையாளனாகவும் காவற்காரரின் வழித்தோன்றலை ஐயத்திற்குரியவனாகவும் ஆக்கியது. ஆகவே பாளையக்காரர் வரலாறு 1801இல் தூக்குமரத்தோடு முடிவதில்லை. ஜமீன் ஆவணங்களையும் காவல்நிலையப் பதிவேடுகளையும் ஒரே குடும்ப வரலாற்றின் இரு பக்கங்களாக இணைத்து வாசிக்கும்போதே அது முழுமை பெறும்.